துருவத்துக் கணக்கு

துருவப் பிரதேசங்களைப் பற்றிய புத்தகங்களை நாம் வீரக் கதைகளாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆமுண்ட்ஸன் ஜெயித்தார், ஸ்காட் செத்தார் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் ஆரம்பித்த பழக்கம் அது. ஒரு கொடி, நாய்கள் இழுக்கும் வண்டி, பனிப்புயல், கடைசியாக ஒரு கடிதம், இவ்வளவும் இருந்துவிட்டால் துருவப் புத்தகம் பூர்த்தியாகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆனால் அங்கே போய் மாதக்கணக்கில் கிடந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கொடியோடு சம்பந்தம் கிடையாது. இன்ன மணிக்குக் காற்றின் வேகம் இவ்வளவு, சூரியன் அடிவானத்துக்கு மேல் இத்தனை டிகிரி, வடகிழக்கே ஆகாயத்தில் பச்சை நிறத்தில் ஒரு துருவ ஒளி என்று எழுதிவைப்பதற்காகப் போனவர்கள் அவர்கள். ஒரு நாளைக்கு இத்தனை தடவை என்று கணக்கு. நாள் தவறக் கூடாது. இது வீரமா, குமாஸ்தா உத்தியோகமா என்று கேட்டால் இரண்டும்தான். அந்தக் குமாஸ்தாப் பகுதியை எழுதுகிறவன் எப்படிக் கையாளுகிறான் என்பதை வைத்துத்தான் ஒரு துருவப் புத்தகத்தை நான் எடைபோடுகிறேன்.

இந்த எடைக்கு ஏற்ற புத்தகம் ஒன்று உண்டு. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ரிச்சர்டு பேர்ட் 1938-ல் வெளியிட்ட 'அலோன்'. தலைப்பைத் 'தனியாக' என்று சொல்லலாம். அவருடைய இரண்டாவது அண்டார்க்டிக் பயணம் 1933-லிருந்து 1935 வரை நடந்தது. 'லிட்டில் அமெரிக்கா' என்று பெயரிட்ட முகாமில் பெருங்கூட்டத்தை விட்டுவிட்டு, அதற்குத் தெற்கே ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தள்ளி, பனிக்குள் இறக்கி வைத்த ஒரு மரக் குடிலில் இவர் மட்டும் தங்கினார். பதின்மூன்று அடிக்கு ஒன்பது அடி. நம் ஊர் ஒண்டுக் குடித்தன வீட்டு அறையை விடக் கொஞ்சம் பெரிது. 1934 மார்ச் 28-ந் தேதி மற்றவர்கள் புறப்பட்டுப் போனார்கள். மறுபடி மனித முகத்தை அவர் பார்த்தது ஆகஸ்டு இரண்டாவது வாரத்தில். நடுவில் ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை அந்த இடத்தில் சூரியன் உதிப்பதே இல்லை.

முதலில் மூன்று பேர் தங்குவதாகத்தான் ஏற்பாடு. சாமான்களை இழுத்துச் சேர்ப்பதில் தாமதம். மூன்று பேருக்குப் போதாது. இரண்டு பேரை இருட்டில் ஓர் அறைக்குள் ஏழு மாதம் அடைத்தால் ஒருவரை ஒருவர் வெறுத்துவிடுவார்கள் என்று பேர்ட் முடிவு செய்தார். ஆகவே ஒருவர், அந்த ஒருவர் தாமே. இதை அவர் சொல்கிற விதத்தில் கொஞ்சம் வக்கீல் வாதத்தின் தொனி இருக்கிறது. வானிலைக் கணக்குக்காகப் போனேன் என்று ஒரு வரி. சத்தமில்லாத இடத்தில் சில காலம் இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை என்று அடுத்த வரி. இரண்டாவது வரிதான் உண்மை என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. தோன்றும்படி விட்டிருப்பது ஆசிரியரின் நேர்மை என்று சொல்ல வேண்டும்.

புத்தகத்தின் மிகச் சிறந்த பக்கங்கள் எவை என்றால், வேலை நடக்கிற பக்கங்கள். கூரையில் ஒரு கதவு. அதற்கு ஓர் ஏணி. அதில் ஏறித் தலையால் முட்டிப் பனியைத் தள்ளிக்கொண்டு வெளியே வர வேண்டும். காற்றுமானியின் கிண்ணங்களில் படிந்த பனியைச் சுரண்ட வேண்டும். கையுறையோடு சுரண்ட முடியாது. கழற்றினால் விரல் போய்விடும். ஈரப்பதத்தை அளக்கும் கருவிக்குள் இழுத்துக் கட்டியிருப்பது மனிதத் தலைமயிர். ஈரம் ஏற ஏற நீளும், குறையக் குறையச் சுருங்கும். உலகத்தின் கடைசியில், மைனஸ் அறுபது டிகிரி சென்டிகிரேடில், யாரோ ஒருவர் தலைமயிர் காற்றின் ஈரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது! இப்படி ஒரு விஷயத்தைக் கற்பனையில் எழுதினால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் நம்பமாட்டார். பிறகு இன்னொன்று: இத்தனை முன்யோசனையோடு வந்த மனிதர் இரண்டு சாமான்களை மறந்துவிட்டார். ஒன்று சமையல் புத்தகம். மற்றது அலாரம் கடிகாரம். குறித்த நேரத்தில் எழுந்து கணக்கு எடுப்பதற்காகவே வந்தவரிடம் அலாரம் இல்லை. இதில் இருக்கும் ஹாஸ்யத்தை அவர் வீணாக்கவில்லை. சோளமாவைக் கொதிக்கவிட்டு, அது பொங்கி வழிய வழிய அள்ளித் தள்ளுகிற பகுதியும் அப்படியே.

இனி, மோசமான பக்கங்கள். சூரியன் மறைகிற நாட்களில் அவர் வெளியே நடக்கப் போவார்; நடக்கும்போது பிரபஞ்சத்தில் எல்லாம் ஓர் ஒழுங்கோடு இயங்குகிறது, மனிதனும் அந்த ஒழுங்கில் ஒரு பகுதி என்கிற மாதிரி ஞானம் பிறக்கும். நம் ஊரில் இந்தப் புத்தகத்தைப் படிக்கிறவர்கள் முதலில் அடிக்கோடு இடுவது இந்தப் பக்கங்களைத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேதாந்தத்தின் வாடை எங்கே அடித்தாலும் நமக்குச் சொந்தக்காரர்களைக் கண்டதுபோல ஆகிவிடுகிறது. ஆனால் இந்த ஞானத்தை மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்தும் பெறலாம். அதற்கு மைனஸ் அறுபது டிகிரி வேண்டியதில்லை. அந்த வரிகளை வேறு எந்தப் புத்தகத்துக்கும் மாற்றி வைக்கலாம். தலைமயிர்க் கருவியை அப்படி மாற்ற முடியாது. பயணத்தில் உடன் இருந்த பத்திரிகைக்காரர் சார்லஸ் மர்ஃபி இந்தப் புத்தகத்தை உருவாக்குவதில் பெரும்பங்கு எடுத்துக்கொண்டார். ஞானத்தில் அவருக்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்வது வீண் வேலை. ஏணியில் ஏறியது பேர்ட்தான்.

ஏணியைப் பற்றித்தான் மேலும் சொல்ல வேண்டும். மே மாதம் 31-ந் தேதி, லிட்டில் அமெரிக்காவுடன் வானொலியில் பேசிக்கொண்டிருந்தபோது, மின்சாரத்துக்காகப் பெட்ரோல் இயந்திரம் ஓடிய சுரங்கத்தில் அவர் மயங்கி விழுந்தார். கார்பன் மோனாக்சைடு. மணமில்லை, நிறமில்லை. காற்றுக் குழாய்களில் பனி அடைத்துக்கொண்டிருந்தது. அடுப்பின் இணைப்புகளும் கசிந்தன. அன்றிலிருந்து ஒரு பயங்கரக் கணக்கு: அடுப்பை எரித்தால் விஷம், அணைத்தால் உறைந்து சாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தினம் சில மணி நேரம் என்று பங்கு போட்டு உயிரை வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டது தங்கவில்லை. வானொலியில் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இருட்டில் தம்மைத் தேடிப் புறப்பட்டு, வழியில் பனிப் பிளவுகளில் விழுந்து செத்துப்போவார்கள் என்று பயம். இவர்தான் தலைவர், ஆபத்தான பிரயாணம் கூடாது என்று உத்தரவிட வேண்டியவர். தம் பொருட்டே அந்த உத்தரவை மீறச் செய்வதா?

இந்த இடத்தில் வானசாஸ்திரம் உள்ளே வருகிறது. வந்த வழி ஒரு நாவலாசிரியனைப் பொறாமைப்பட வைப்பது. பயணத்தின் மூத்த விஞ்ஞானி தாமஸ் போல்ட்டர் எரிநட்சத்திரங்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ஒரே எரிநட்சத்திரத்தை இரண்டு இடங்களிலிருந்து பார்த்தால், பின்னால் உள்ள நட்சத்திரங்களிடையே அது வெவ்வேறு இடத்தில் தெரியும். ஒரு கண்ணை மூடி விரலைப் பார்த்துவிட்டு, மறு கண்ணை மூடிப் பார்த்தால் விரல் நகர்ந்ததாகத் தெரிகிறதே, அதே விவகாரம்தான். இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரம் தெரிந்தால் எரிநட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் எரிந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். அதற்காகப் பேர்டின் குடிலுக்கு வரலாமா என்று போல்ட்டர் கேட்கிறார். பேர்டுக்கு அது உயிர். ஆனால் உயிர் என்று சொல்லக் கூடாது. ஆராய்ச்சிக்காக வருவதானால் வாருங்கள், ஆபத்து என்று கண்டால் திரும்பிவிடுங்கள் என்று தந்தியின் கட்டுக்குள் நின்று பதில் சொல்கிறார். அங்கே இருப்பவர்களோ, இவர் அனுப்பும் செய்திகளில் எழுத்துகள் தடுமாறுவதைக் கவனிக்க ஆரம்பிக்கிறார்கள். நட்சத்திரம் பார்க்கப் போகிறோம் என்று இவர்களும், நட்சத்திரம் பார்க்கத்தானே வருகிறார்கள் என்று அவரும் பேசிக்கொண்டு, இரு தரப்பும் வேறொன்றை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் குடும்பங்களில் சம்பந்தம் பேச வந்தவர்கள் அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசுவது போல. இரண்டு தடவை புறப்பட்டுத் திரும்பிய பிறகு, மூன்றாம் முறை போல்ட்டர், டெமாஸ், வைட் என்ற மூன்று பேர் டிராக்டரில் வந்து சேர்ந்தார்கள்.

அந்த இரண்டு மாதமும் பேர்ட் ஏணி ஏறிக்கொண்டிருந்தார் என்பதுதான் விஷயம். ஏணியில் பாதி ஏறி, தலையைக் கம்பில் சாய்த்து மூச்சு வாங்கிக்கொண்டு மீதி ஏறினார். கருவிகளுக்குச் சாவி கொடுத்தார், தாள் மாற்றினார், எண்களை எழுதினார்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இரவு ஷிப்டு பார்க்கிற ஒருவர் இந்தப் பக்கங்களைப் படித்தால் அவருக்குப் புரிகிற ஒன்று, இலக்கிய விமர்சகர்களுக்குச் சட்டென்று புரியாது. உலைக்கு ராத்திரி என்பது கிடையாது, கொதிகலனுக்கும் கிடையாது. மணிக்கொரு தரம் நடந்து போய் மீட்டரைப் பார்த்து லாக் ஷீட்டில் ரீடிங் எழுத வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு, கண் எரியும்போது, இரண்டு மணி ரீடிங்கையே கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ எழுதிவிட்டால் என்ன என்ற எண்ணம் உலகத்தில் எந்த ஷிப்டிலும் எந்த ஆளுக்கும் வந்தே தீரும். ஒரு கண்டுபிடிப்பும் கெட்டுவிடாது, உலையும் நிற்காது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். அப்படியும் எழுந்து போகிற ஆள் ஏன் போகிறான்? பேர்டுக்கு மேலதிகாரி இல்லை, சக ஊழியன் இல்லை, இருநூறு கிலோமீட்டருக்கு மனிதன் இல்லை. வடக்கே பழவேற்காடு தாண்டி ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போது இந்தப் பக்கத்து ஜனங்கள் மொட்டை மாடியில் ஏறி இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். விஞ்ஞானம் என்றால் அந்த இரண்டு நிமிஷம் என்று நினைப்பு. மீதியெல்லாம் மூன்று மணி ரீடிங்தான். அதை எழுதப் போகிறவனின் மனத்துக்குள் போய் வந்த புத்தகம் என்பதால்தான், ஞானப் பக்கங்களை மன்னித்து, 'அலோ'னை நான் பெரிய புத்தகம் என்கிறேன்.

ஆனால் இதே மனிதரைப் பற்றி இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுவது நியாயமில்லை. 1926 மே 9-ந் தேதி விமானத்தில் வட துருவத்தின் மேல் பறந்துவிட்டு வந்ததாகப் பேர்ட் அறிவித்தார். உலகப் புகழ் அதில்தான் வந்தது. விமானத்தில் தாம் எங்கே இருக்கிறோம் என்பதற்கு அவருக்கு இருந்த சாட்சி சூரியன் ஒன்றே. செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்து கணக்குப் போட வேண்டும். அந்தப் பயணத்தின் டைரி 1996-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் சூரிய அளவுகள் சில அழிக்கப்பட்டிருந்தன; அழித்த பிறகும் படிக்க முடிந்தது. அந்த எண்கள் பிற்பாடு கொடுத்த அதிகாரபூர்வ அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை. துருவத்தைத் தொட்டாரா, கொஞ்சம் முன்பே திரும்பிவிட்டாரா என்று நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் கட்சி இல்லை. ஆனால் அழித்த எண்களைப் பற்றித் தெரிந்த பிறகு 'அலோ'னைத் திரும்பப் படித்தால், புத்தகம் சின்னதாகவில்லை; விசித்திரமாகப் பெரிதாகிறது. உலகமே பார்த்துக்கொண்டிருந்தபோது எண்ணில் தடுமாறியவர் என்று சந்தேகிக்கப்படுகிற ஒருவர், எட்டு வருஷம் கழித்து, யாரும் பார்க்காத இடத்தில், சாகக் கிடந்தபடி எண்ணை எழுதப் போகிறார். அவருக்கே இது தெரிந்திருந்ததா? புத்தகத்தில் ஒரு வார்த்தை இல்லை. இருந்திருந்தால் அது உலகத்தின் மகத்தான சுயசரிதைகளில் ஒன்றாக இருந்திருக்கும்.

இனி நம்முடைய கணக்குக்கு வரலாம். இந்தியாவிலிருந்து முதல் குழு 1981 டிசம்பரில் புறப்பட்டு 1982 ஜனவரியில் அண்டார்க்டிகாவில் இறங்கியது. பனித்தட்டின் மேல் கட்டிய தட்சிண கங்கோத்ரி பனியில் புதைந்தது. பிறகு ஷிர்மாக்கர் என்ற பாறைத் திட்டில் 1989-ல் மைத்ரி வந்தது, 2012-ல் பாரதி. திருவாரூர்ப் பக்கத்துச் சன்னாநல்லூர்க்காரரான கர்னல் கணேசன் 1980-களின் பிற்பகுதியில் தட்சிண கங்கோத்ரியில் குளிர்காலத்தைக் கழித்த குழுவுக்குத் தலைமை வகித்தார். ஆக, நம் மனிதர்கள் போகாமல் இல்லை.

அவர்கள் செய்த வேலைகளில் என் மனத்தைப் பிடித்துக்கொண்டது ஒரு சூரிய ஆராய்ச்சி. அதன் வேர் கொடைக்கானலில் இருக்கிறது. அங்குள்ள வானாராய்ச்சி நிலையம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, கால்சியம் அணு வெளிவிடும் ஊதா ஒளியில், மேகமில்லாத நாளெல்லாம் சூரியனைப் படம் பிடித்துவந்திருக்கிறது. அந்த ஒளியில் பார்த்தால் சூரியன் வழவழப்பான தட்டாகத் தெரியாது. மீன் வலை போர்த்தியதுபோல இருக்கும். வலையின் ஒவ்வொரு கண்ணும் ஏறக்குறைய முப்பதாயிரம் கிலோமீட்டர் அகலம். பூமியை இரண்டு தடவை வரிசையாக வைத்தாலும் இடம் மிஞ்சும். அந்தக் கண்கள் பிறக்கின்றன, அழிகின்றன. எத்தனை நேரம் வாழ்கின்றன? ஏறத்தாழ ஒரு நாள் என்று தோன்றியது. கொடைக்கானலில் இருந்துகொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. காலையில் பிறந்த கண்ணை மாலை வரை தொடரலாம். ராத்திரி வந்து கதையைப் பாதியில் வெட்டிவிடும். மறுநாள் காலையில் இருப்பது அதே கண்ணா, பக்கத்தில் பிறந்த தம்பியா?

சூரியன் அஸ்தமிக்காத இடத்துக்குப் போவது ஒன்றுதான் வழி. இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜகதேவ் சிங்கும் அவருடைய சகாக்களும் 1989-90 கோடையில் மைத்ரிக்குத் தொலைநோக்கி கொண்டுபோனார்கள். நூறு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் சூரியனைப் படம் எடுத்தார்கள். கண்களின் பிறப்பும் சாவும் அந்தப் படங்களில் அகப்பட்டன. சராசரி ஆயுள் கிட்டத்தட்ட ஒரு நாள். பெரிய கண் அதிக நேரம் வாழ்கிறது என்று பிற்பாடு அதே படங்களிலிருந்து கண்டார்கள்.

இதைச் சொல்லும் விஞ்ஞானக் கட்டுரைகளை, விஞ்ஞானம் அரைகுறையாகத்தான் பிடிபடும் என்றாலும், நான் நாவலைப் படிக்கிற ஆவலோடு படித்தேன். அவற்றில் எல்லாம் இருக்கிறது. ஏணி மட்டும் இல்லை. 'படங்கள் எடுக்கப்பட்டன' என்கிற நடையில் செயப்பாட்டு வினையில் எழுதியிருக்கிறது. யாரால் எடுக்கப்பட்டன? நூறு மணி என்றால் நான்கு நாளுக்கு மேல். யார் எப்போது தூங்கினார்கள்? மைத்ரி எழுபதாவது அட்சரேகையைச் சற்றுத் தாண்டி இருக்கிறது. நடுக்கோடையில் அங்கே நள்ளிரவுச் சூரியன் அடிவானத்துக்கு மேல் நான்கு டிகிரிதான் நிற்கும். கையை நீட்டி மூன்று விரல் வைத்தால் அதற்குள் அடங்கும் உயரம். அந்த உயரத்தில் பிம்பம் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நடுங்கும். ஒரு மேகம் வந்து அரைமணி நின்றிருந்தால் தொடர் அறுந்திருக்கும்; அறுபத்தைந்தாவது மணியில் அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் வயிற்றில் என்ன நடக்கும்? கட்டுரைக்கு இதெல்லாம் சம்பந்தமில்லாத விஷயம். விஞ்ஞானி அப்படித்தான் எழுத வேண்டும், அதில் குற்றமில்லை. பேர்டின் புத்தகத்தில் ஆள் வழிகிறான். இந்தக் கட்டுரையில் ஆளே இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் நடுவில் ஒரு புத்தகத்துக்கு இடம் காலியாக இருப்பது தெரிகிறது.

அந்த இடத்தை ஓரளவுக்கு நிரப்பியவர் ஸ்காட்டின் குழுவில் இருந்த செர்ரி-காரார்ட். 1911 குளிர்காலத்து இருட்டில் மூன்று பேர் பெங்குவின் முட்டைகளுக்காக நடந்த கதையை 1922-ல் எழுதினார். அவரிடம் வெப்பமானியின் எண்ணும் பல் கிட்டுவதும் ஒரே வாக்கியத்தில் வரும். கொண்டுவந்த மூன்று முட்டைகளை லண்டன் மியூசியத்தில் கொடுக்கப் போனபோது அங்கிருந்த உத்தியோகஸ்தர்கள் அலட்சியம் செய்ததையும் கசப்போடு எழுதியிருக்கிறார். உத்தமமான ஆசிரியர். எண்ணையும் ஆளையும் ஒருசேர எழுத முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

தமிழில் நான் படித்த வரையில் இதற்கு முயற்சி இல்லை. நம் நாவல்களில் விஞ்ஞானி என்றால் தாடி வைத்த ஞாபகமறதிக்காரர், அல்லது வெடிகுண்டு செய்கிறவர். ஒரே வேலையை ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்கிறவனை வைத்துக் கதை பண்ண முடியாது என்பது நம் எழுத்தாளர்களின் தீர்மானம். காதல், தியாகம், குடும்பம் மூன்றும் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கின்றன. ஷிப்டுக்குள் எட்டு மணி நேரம் அந்த மனிதன் என்னவாக இருந்தான் என்று யாரும் கேட்பதில்லை. வாசகர்களுக்கு அலுக்கும் என்கிறார்கள். நம் வாசகர்களில் பாதிப்பேர் அந்த எட்டு மணி நேரத்தில்தான் வாழ்கிறார்கள் என்பதை மறந்துவிட்டுச் சொல்லுகிற பேச்சு இது.

எனக்கு ஆசை ஒன்று உண்டு. மைத்ரியில் அந்த நாலு நாளும் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் இருந்தவர்களில் யாராவது ஒருவர், தூக்கம் தாங்காமல் அடுத்தவரை எழுப்பிய அந்த நிமிஷத்தைப் பற்றி எழுத வேண்டும். என்ன சொல்லி எழுப்பினார், எழுந்தவர் முதலில் பார்த்தது கடிகாரத்தையா, வானத்தையா, பொறுப்பைக் கைமாற்றும்போது பிம்பம் நடுங்குகிறது என்று சொன்னாரா, அடுப்பில் டீ இருக்கிறது என்று சொன்னாரா. எந்த மொழியில் எழுதினாலும் சரி. தேடிப் பிடித்துப் படிப்பேன்.